பழ ஈயும் உருளைப்புழுவும் வைத்து மரபியல் படிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் விலங்கியல் மாணவர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பழ ஈ வளர்க்கவும், அதை வைத்து மரபியலும் பரிணாமமும் படிக்கவும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பு முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன, அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எதில் ஆர்வமோ அதை மட்டும் படித்தால் போதும்.

மனிதனைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் மனிதனையே ஆராயலாமே, ஈயும் புழுவும் எதற்கு?

மரபியலில் தலைமுறைகளை எண்ண வேண்டும். தாத்தாவிடம் இருந்த ஒரு குணம் பேத்திக்கு எப்படி வந்தது என்று மனிதரில் பார்க்க ஐம்பது அறுபது வருஷம் ஆகும், யாரை யாருக்குக் கட்டிவைப்பது என்று நாம் முடிவு செய்யவும் முடியாது, பிள்ளைகளும் ஒன்றிரண்டுதான். பழ ஈ 25 டிகிரியில் முட்டையிலிருந்து முழு ஈயாகப் பத்து நாள் போதும். ஒரு தாய் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும், மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் நான்கே ஜோடி, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ஒரு குடும்பம் முழுக்க அடங்கிவிடும்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று புரிய 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் செய்ததைப் பாருங்கள். சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ கிடைத்தது. அதைச் சிவப்புக் கண் பெண்களோடு சேர்த்தார், அவற்றின் பிள்ளைகளைத் தங்களுக்குள் சேர்த்தார், பேரப்பிள்ளைகளை எண்ணினார்: சிவப்புக் கண் பெண்கள் 2,459, சிவப்புக் கண் ஆண்கள் 1,011, வெள்ளைக் கண் ஆண்கள் 782. வெள்ளைக் கண் பெண் ஒன்றுகூட இல்லை. பத்துப் பதினைந்து ஈயை மட்டும் பார்த்திருந்தால் இது தற்செயலா விதியா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அந்த மரபணு, பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றும் உள்ள எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள், 782 என்பது 1,011ஐவிடக் குறைவு. வெள்ளைக் கண் ஈக்கள் சற்று நோஞ்சானாக இருந்து வழியிலேயே செத்திருக்கின்றன. ஒரே அட்டவணையில் மரபியலும் இருக்கிறது, இயற்கைத் தேர்வும் இருக்கிறது.

மூன்று ஆண்டு கழித்து, 1913இல், அவருடைய மாணவர் ஆல்ஃபிரெட் ஸ்டர்டெவன்ட், எந்த மரபணு எந்த வரிசையில் இருக்கிறது என்று காட்டும் குரோமோசோமின் முதல் வரைபடத்தை வெளியிட்டார். அதற்கான கணக்கைப் போட்டபோது அவர் இளநிலை மாணவர். இதைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வேன்.

சரி, ஈயில் கண்டது நமக்கு எப்படிப் பொருந்தும்? நமக்கு இறக்கை இல்லையே.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஈயில் ஒரு மரபணு கெட்டால் கண் உருவாகாது. அதை 1995இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெஹ்ரிங் குழுவினர் ஈயின் காலிலும் இறக்கையிலும் உணர்கொம்பிலும் வேலை செய்ய வைத்தார்கள். அந்த இடங்களில் கண் முளைத்தது. அடுத்து எலியிலிருந்து அதற்கு இணையான மரபணுவை எடுத்து ஈக்குள் போட்டார்கள், அப்போதும் கண் முளைத்தது. முளைத்தது எலிக் கண் இல்லை, ஈயின் கூட்டுக்கண். அதாவது அந்த மரபணு "இங்கே கண் கட்டு" என்று உத்தரவு மட்டும் கொடுக்கிறது, எப்படிப்பட்ட கண் என்பதை ஈயின் உடம்பே பார்த்துக்கொள்கிறது. ஈக்கும் எலிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அவ்வளவு காலம் தாண்டியும் அந்த உத்தரவு இரண்டு பக்கமும் புரிகிறது. மனிதரில் அதே மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் கருவிழிப்படலம் இல்லாமலோ பாதி உருவாகியோ குழந்தை பிறக்கிறது.

உடம்பின் கடிகாரமும் அப்படித்தான். 1971இல் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் தூக்கமும் விழிப்பும் தாறுமாறாகிப்போன ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். சிலவற்றுக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம், சிலவற்றுக்கு 28, சிலவற்றுக்கு நாள் என்ற ஒழுங்கே இல்லை, மூன்றுக்கும் காரணம் ஒரே மரபணுவில் வந்த வெவ்வேறு மாற்றங்கள். அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று விளக்கிய மூவருக்கு 2017இல் நோபல் கிடைத்தது. ஓஎம்ஆர் சாலை ஐடி நிறுவனங்களில் இரவுப் பணி பார்க்கிறவர்களின் தூக்கக் குழப்பத்தைப் பற்றி மருத்துவர்கள் இன்று பேசும்போது அந்தப் பேச்சுக்கு அடியில் இருப்பது இந்த ஈ வேலைதான்.

மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு ஈயில் இணை இருக்கிறது. ஆனால் எல்லாம் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஈக்கு நம்மைப் போல நோயெதிர்ப்பு நினைவு கிடையாது, நுரையீரலும் கிடையாது. ஈயில் வேலை செய்த மருந்து மனிதரிலும் வேலை செய்யும் என்று யாராவது நேராகத் தாவினால் நம்பாதீர்கள். அடிப்படை எந்திரம் ஒன்று, அதற்கு மேலே கட்டியது வேறு.

எங்கள் வீட்டு வாழைப்பழத்தில் மொய்க்கிறதே, அதுதானா ஆய்வக ஈ?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆய்வகங்களில் உலகம் முழுக்க வளர்ப்பது ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர். நம் ஊரில் அதோடு கூடவே ட்ரோசோஃபிலா அனனாசே நிறைய கிடைக்கும். மெலனோகாஸ்டர் ஆணின் வயிற்று நுனி கருப்பாக, உருண்டையாக இருக்கும். அனனாசே ஆணுக்கு அந்தக் கருப்பு இருக்காது. தலையிலிருந்து முதுகு வரை வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது ஸப்ரியோனஸ் இண்டியானஸ், கோயம்பேட்டுப் பழக்குப்பை போன்ற இடங்களில் பொறி வைத்தால் வந்து விழும். குளியலறைச் சுவரில் இதய வடிவத்தில் இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கும் மயிரடர்ந்த பூச்சி வேறு குடும்பம், அதை விட்டுவிடுங்கள்.

அனனாசேயை இளப்பமாக நினைக்க வேண்டாம். விந்து உண்டாகும்போது மெலனோகாஸ்டர் ஆணில் ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வதே இல்லை, அனனாசே ஆணில் அது தானாகவே நடக்கிறது. ஏன் இந்த வித்தியாசம் என்பது நல்ல பரிணாமக் கேள்வி, அதற்கான உயிர் உங்கள் சமையலறையில் பறந்துகொண்டிருக்கிறது.

உருளைப்புழு என்கிறீர்களே, வயிற்றுப் பூச்சியா?

இல்லை, இது யாருக்கும் தீங்கு செய்யாதது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ், ஒரு மில்லிமீட்டர் நீளம், அழுகும் பழத்திலும் இலைக்குப்பையிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும். உடம்பு கண்ணாடி போலத் தெளிவு, உயிரோடு இருக்கும்போதே உள்ளே ஒவ்வொரு செல்லையும் நுண்ணோக்கியில் பார்க்கலாம். இருபால் புழுவின் உடலில் 959 செல்கள், அவற்றில் 302 நரம்பு செல்கள், எந்தப் புழுவை எடுத்தாலும் இதே கணக்கு. சிட்னி பிரென்னர் இதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்து 1974இல் மரபியல் கட்டுரையை வெளியிட்டார், ஜான் சல்ஸ்டனும் கூட்டாளிகளும் ஒற்றை முட்டையிலிருந்து ஒவ்வொரு செல்லும் எந்த செல்லுக்குப் பிறந்தது என்று முழு வம்சாவளியையும் எழுதி முடித்தார்கள். வளரும்போது 131 செல்கள் தாமாகவே செத்துப்போகின்றன என்பது அந்தக் கணக்கெடுப்பில்தான் உறுதியானது. அந்தத் திட்டமிட்ட சாவு நின்றுபோவது புற்றுநோயின் ஒரு வேர்.

இதை உறைய வைத்துப் பல ஆண்டு கழித்து எழுப்பலாம். ஈயில் அப்படிச் சுலபமாக முடியாது, அதனால்தான் ஈ ஆய்வகங்களில் விடுமுறை நாளிலும் யாராவது வந்து குழாய் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் புழு தந்ததில் பெரியது சின்ன ஆர்என்ஏக்கள். ஆர்என்ஏ என்பது செல்லுக்குள் டிஎன்ஏவைப் பார்த்து எடுக்கப்படும் நகல். இரட்டை இழை ஆர்என்ஏவைப் புழுவுக்குள் செலுத்தினால் அதற்குப் பொருந்தும் மரபணு அடங்கிவிடுகிறது என்று ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998இல் காட்டினார்கள், 2006இல் நோபல். அதற்கும் முன்பு, 1993இல், விக்டர் ஆம்ப்ரோஸ் குழு முதல் மைக்ரோ ஆர்என்ஏவை, அதாவது வேறு மரபணுக்களை அடக்கும் மிகச் சின்ன ஆர்என்ஏவை, கண்டது, அப்போது இது புழுவுக்கு மட்டும் உரிய வினோதம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2000இல் கேரி ருவ்குன் குழு கண்ட இரண்டாவது மைக்ரோ ஆர்என்ஏ மனிதன் உட்பட ஏராளமான விலங்குகளில் எழுத்துப் பிசகாமல் இருந்தது. இருவருக்கும் 2024இல் நோபல்.

ஓர் இந்தியத் தொடர்பு: இதன் உறவுக்காரப் புழு சீனோராப்டிடிஸ் பிரிக்ஸே. உலகம் முழுக்க அதற்கு அடையாளமாக வைத்திருக்கும் வம்சம் அகமதாபாத் மண்ணிலிருந்து எடுத்தது. இரண்டு இனங்களிலும் ஒரே உடம்பில் முட்டையும் விந்தும் உண்டாகின்றன, ஆனால் அந்தக் குணம் இரண்டிலும் தனித்தனியாக, வெவ்வேறு மரபணுக்கள் மூலம் வந்தது. வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி, உள்ளே வெவ்வேறு பாதை. பரிணாம மரபியலில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

பரிணாமம் லட்சம் வருஷத்தில் நடப்பது, அதை ஆய்வகத்தில் எப்படிப் பார்ப்பது?

லட்சம் வருஷம் தேவையே இல்லை. தேவைப்படுவது தலைமுறைகள், அவை ஈயிடம் நிறைய இருக்கின்றன.

பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அமிதாப் ஜோஷியின் குழு பல ஆண்டுகளாக ஈக் கூட்டங்களை நெரிசலில் வளர்த்து வருகிறது. ஒரு குழாயில் கொஞ்சம் உணவு, அளவுக்கு மீறிய முட்டைகள். முன்பு அமெரிக்காவில் மெலனோகாஸ்டரில் இப்படிச் செய்தபோது ஈயின் புழுப்பருவங்கள் வேகமாகத் தின்னும்படி மாறின, நெரிசலுக்கு இதுதான் விடை என்று பாடப்புத்தகம் வரை போனது. இங்கே அனனாசேயிலும் நசூட்டா என்ற இன்னொரு ட்ரோசோஃபிலா இனத்திலும் செய்தபோது நெரிசலைத் தாங்கும் திறன் வந்தது, தின்னும் வேகம் கூடவே இல்லை. அவை குறைந்த நாளில் வளர்ந்து, கிடைத்த உணவில் கூடுதலான பேர் பிழைக்கும்படி மாறியிருந்தன. ஒரே சிக்கலுக்கு இரண்டு தீர்வு. நம் ஊர் ஈயை நம் ஊரில் ஆராய வேண்டியதன் அவசியத்தை இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

ஆய்வகத்துக்கு வெளியிலும் நடந்திருக்கிறது. பி எலிமென்ட் என்று ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு உண்டு. இன்றைக்குக் காட்டில் பிடிக்கும் மெலனோகாஸ்டர் எதிலும் அது இருக்கிறது, ஆனால் 1950க்கு முன் பிடித்து ஆய்வகத்தில் வளர்த்துவந்த வம்சங்களில் இல்லை. அமெரிக்கக் கண்டத்து வில்லிஸ்டோனி என்ற வேறொரு இனத்திடமிருந்து தொற்றிக்கொண்டு, சில பத்தாண்டுகளில் உலகத்திலுள்ள ஈக்கள் அத்தனையிலும் பரவிவிட்டது. பழைய குழாய்களை யாரோ விடாமல் பராமரித்து வந்ததால்தான் "முன்பு இல்லை" என்று நமக்குத் தெரிகிறது. அதே துண்டை 1982இல் ஜெரால்ட் ரூபினும் ஆலன் ஸ்ப்ராட்லிங்கும் ஈக்குள் புது மரபணுவை ஏற்றும் வண்டியாக மாற்றிக்கொண்டார்கள், பிறகு வந்த மரபணு மாற்றிய ஈக்களுக்கெல்லாம் அதுதான் தொடக்கம்.

தண்ணீர்ப்பூச்சி டாஃப்னியாவில் இன்னும் நேரடியாகப் பார்க்கலாம். அதன் உறங்கும் முட்டைகள் ஏரிச் சேற்றில் புதைந்து பல பத்தாண்டுகளாக உயிரோடு கிடக்கும். ஐரோப்பாவின் கான்ஸ்டன்ஸ் ஏரியில் வெவ்வேறு ஆழத்துச் சேற்றிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்தார்கள். ஏரி கெட்டு நச்சு நீலப்பச்சைப் பாசி பெருகிய பிறகு வந்த டாஃப்னியாக்கள் அந்தப் பாசியைத் தாங்கின, அதற்கு முன்பு வாழ்ந்தவை தாங்கவில்லை. மூதாதையையும் சந்ததியையும் பக்கத்துப் பக்கத்துக் குவளையில் வளர்த்து ஒப்பிட முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

சென்னையில் டாஃப்னியா கிடைக்குமா?

டாஃப்னியாவைவிட அதன் உறவுக்காரர் மொய்னா சுலபமாகக் கிடைக்கும், வெயிலையும் தாங்கும். கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் மீன் குஞ்சுக்கு உணவாக உயிரோடு விற்பார்கள். ஆண் இல்லாமலே குட்டி போடும், நெரிசலோ பஞ்சமோ வந்தால் ஆண்கள் பிறந்து உறங்கும் முட்டைகள் வரும். அந்த மாற்றத்தைப் பார்க்க ஒரு வாளி தண்ணீரும் கைக்கண்ணாடியும் போதும். அதே கடைகளில் ரத்தப்புழு கேளுங்கள், சிவப்பாக நெளியும், கைரோனோமஸ் என்ற, கொசு போலிருந்தும் கடிக்காத பூச்சியின் புழுப்பருவம் அது. அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும் ராட்சதக் குரோமோசோமைக் கல்லூரி நுண்ணோக்கியிலேயே வரிவரியாகப் பார்க்கலாம்.

கொசுவும் இந்தப் பட்டியலில் வருமா?

கட்டாயம். சென்னையின் மலேரியாக் கொசு அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி. மற்ற மலேரியாக் கொசுக்கள் வயலையும் ஓடையையும் தேட, இது மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வாழப் பழகிக்கொண்டது. இதே இனத்தில் மூன்று வகைகள் உண்டு, முட்டையின் பக்கவாட்டு மிதவையிலுள்ள வரிகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிப்பார்கள். நகரத்தில் நோயைப் பரப்புவது பெரும்பாலும் ஒரு வகை, கிராமத்தில் மாடுகளைத் தேடிப் போகும் இன்னொரு வகை அவ்வளவாகப் பரப்புவதில்லை. ஒரே இனத்துக்குள் இந்தப் பிரிவு எப்படி நிற்கிறது, நாளைக்கு இரண்டு இனமாகவே பிரியுமா என்பது டார்வின் கேட்ட கேள்வியேதான். 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூத்தியில் இந்தக் கொசு கண்டுபிடிக்கப்பட்டது, அதன்பிறகு அங்குள்ள நகரங்களுக்குப் பரவுகிறது. நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் கற்ற பாடம் அங்கே உதவுகிறது.

பூச்சிமருந்து எதிர்ப்பும் பரிணாமம்தான். டிடிடீயும், கொசுவத்தியிலும் திரவ மருந்திலும் இருக்கும் பைரித்ராய்டும் பூச்சியின் நரம்பில் சோடியம் வாயிலாக இருக்கும் ஒரே புரதத்தைத்தான் தாக்குகின்றன. அந்தப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து சரியாக ஒட்டாது. கூவம் ஓரத்துக் கியூலெக்ஸானாலும் வேறு கண்டத்து அனாஃபிலிஸானாலும், பல கொசு இனங்களில் தனித்தனியாக அதே இடத்தில் மாற்றம் வந்திருக்கிறது. பழ ஈயின் கதை வேறு: அதில் டிடிடீயைச் சிதைக்கும் ஒரு மரபணுவுக்கு முன்னால் ஒரு தாவும் துண்டு வந்து உட்கார, மரபணு அளவுக்கு மீறி வேலை செய்ய ஆரம்பித்தது. 2002இல் இது வெளிவந்தபோது உலகின் பல மூலைகளில் பிடித்த எதிர்ப்பு ஈக்களிலும் அதே துண்டு அதே இடத்தில் இருந்தது, அதாவது ஒரே மூதாதையிடமிருந்து பரவியிருக்கிறது.

கொசுவை வீட்டில் வளர்க்க வேண்டாம். மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து தொட்டி மூடியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அந்த வேலைக்கு எதிராக நாம் எதையும் செய்யக் கூடாது.

சென்னை வெயிலில் பழ ஈ பிழைக்குமா?

பிழைக்கும், பெருகாது. 30 டிகிரியை நெருங்கும்போது மெலனோகாஸ்டர் ஆண்கள் மலடாக ஆரம்பிக்கும், ஏப்ரல் மே மாதத்தில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் குழாய்கள் வெறுமையாவது இதனால்தான். மூடியுள்ள தெர்மோகோல் பெட்டி வாங்கி, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, ஒரு வெப்பமானியும் போட்டு 24, 25இல் நிறுத்தப் பாருங்கள், காலையும் மாலையும் பாட்டிலை மாற்ற வேண்டும். மண்பானைக் குளிர்ச்சி நம் கடலோரக் காற்றில் சரிப்படாது. உருளைப்புழு இன்னும் கூச்சம், 20 டிகிரி கேட்கும், குளிர்சாதன வசதியில்லாத கல்லூரி அதைத் தொட வேண்டாம்.

வெயிலே பாடமாகவும் ஆகும். 1962இல் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோஸா ஈயின் ராட்சதக் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ அடைகாப்புப் பெட்டியின் சூட்டைத் தவறுதலாகக் கூட்டிவிட்டார்கள், குரோமோசோமில் புதிய இடங்கள் சில உப்பியிருந்தன. உப்பல் என்றால் அங்கே மரபணு வேலை செய்கிறது என்று அர்த்தம். சூட்டில் குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் புரதங்கள் அங்கிருந்து வருகின்றன என்று பிறகு தெரிந்தது, பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரை எல்லோரிடமும் அவை உண்டு. இந்தச் சூட்டு மரபணுக்களில் ஒன்றை வாராணசி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் சுபாஷ் லகோட்டியா பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அது புரதமே செய்யாமல் ஆர்என்ஏவாகவே வேலை பார்க்கிற மரபணு.

பள்ளியில் வளர்க்க ஆசை. உணவுக்கு என்ன செய்வது?

மைதா வேண்டாம், ரவை போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் அகர் 10 கிராம். முதலில் அகரைத் தண்ணீரில் கரையக் கொதிக்க விடுங்கள், வெல்லம் போட்டுக் கரைந்ததும் வடிகட்டி, ரவையைத் தூவி அடிபிடிக்காமல் கஞ்சிப் பதம் வரும் வரை கிளறுங்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தொடும் அளவுக்குச் சூடு இறங்கிய பிறகு பூஞ்சை வராமலிருக்க புரோப்பியானிக் அமிலம் 7.5 மில்லி சேர்க்க வேண்டும். இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், கையுறையும் கண்ணாடியும் போட்டு, சன்னலைத் திறந்து வைத்து. அந்த அமிலம் தோலை அரிக்கும், நெடி மூக்கில் ஏறும். பாட்டிலில் இரண்டு விரல் உயரம் ஊற்றி, மெல்லிய துணி போட்டு மூடி ஓர் இரவு ஆற விடுங்கள். மறுநாள் மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட், வாய்க்குப் பஞ்சு அடைப்பு. ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை எப்படியும் வரும், வந்த பாட்டிலிலிருந்து ஈயை உடனே புதியதற்கு மாற்றுங்கள்.

எறும்பு முதல் எதிரி. பாட்டில்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கல் மேல் வையுங்கள், அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள், இல்லையென்றால் அதிலேயே கொசு வந்து முட்டையிடும்.

முதல் பரிசோதனையாக எதைச் செய்யலாம்?

மார்கன் செய்ததையேதான். வெள்ளைக் கண் ஈயை மைசூர் பல்கலைக்கழக ட்ரோசோஃபிலா இருப்பு மையத்திலோ, பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஈ வசதியிலோ உங்கள் கல்லூரி மூலமாகக் கேளுங்கள். வெள்ளைக் கண் பெண்ணைச் சிவப்புக் கண் ஆணோடு சேர்த்தால் மகன்கள் எல்லாம் வெள்ளை, மகள்கள் எல்லாம் சிவப்பு. திருப்பிப் போட்டால் முதல் தலைமுறை முழுக்கச் சிவப்பு, அடுத்ததில் ஆண்களில் பாதி வெள்ளை. புத்தகத்தில் ஐந்து வரியில் முடிகிற விஷயம், ஆனால் தானே எண்ணிப் பார்த்த பிள்ளைக்கு அது மறப்பதில்லை.

ஒரே ஒரு நுணுக்கம்: பெண் ஈ ஏற்கெனவே இணைந்திருக்கக் கூடாது, ஒருமுறை இணைந்தால் விந்தைச் சேமித்து வைத்துப் பல நாள் பயன்படுத்தும். கூட்டிலிருந்து வெளிவந்து எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடுவது வழக்கம், நம் ஊர்ச் சூட்டுக்கு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மயக்க ஈதர் வேண்டாம், தீப்பிடிக்கும். குழாயை ஐஸில் கொஞ்ச நேரம் சாய்த்து வைத்தால் ஈக்கள் தூங்கிவிடும், குளிர்ந்த தட்டில் கொட்டி எண்ணலாம்.

ஈயைக் கொல்வது பாவம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அந்த உணர்வை நான் மதிக்கிறேன். கொல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: எண்ணிவிட்டு அடுத்த பாட்டிலுக்கு மாற்றலாம், வாழைப்பழப் பொறியில் எந்த மாதத்தில் எந்த இனம் எத்தனை வருகிறது என்று ஓர் ஆண்டு முழுக்கக் குறிக்கலாம், பிடித்ததை அதே இடத்தில் விட்டுவிடலாம். ஆனால் ஆய்வக வம்சத்தை, முக்கியமாகத் திடீர்மாற்ற ஈக்களை, வெளியில் விடவே கூடாது. மிச்சமாவதை உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். தேவைக்கு மேல் வளர்க்காமலிருப்பதுதான் நாம் காட்டக்கூடிய கருணை.

அனுமதி ஏதாவது வேண்டுமா?

எலி, முயல் போன்றவற்றுக்குக் கேட்கும் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியைப் பழ ஈக்கும் உருளைப்புழுவுக்கும் வழக்கமாகக் கேட்பதில்லை. மரபணு மாற்றிய ஈ என்றால் நிறுவனத்தின் உயிரிப்பாதுகாப்புக் குழுவிடம் போயே ஆக வேண்டும். இங்கே பிடித்த உயிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பல்லுயிர் ஆணையம் நம் தரமணியில்தான் இருக்கிறது.

நீர்க்கரடி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? விண்வெளியிலும் சாகாதாமே?

நீர்க்கரடி என்பது பாசியிலும் நீரிலும் வாழும் மிகச் சிறிய எட்டுக்கால் உயிர். காய்ந்து சுருண்ட நிலையில் வெற்றிடத்தைத் தாங்கியிருக்கிறது, உண்மை. அதன் டிஎன்ஏவைக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் ஒரு புரதத்தை 2016இல் ஜப்பானியக் குழு கண்டுபிடித்து, மனித செல்லில் போட்டபோது அங்கும் கதிரின் சேதம் குறைந்தது. ஆனால் 2015இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். நீர்க்கரடியின் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு பாக்டீரியா போன்ற பிற உயிர்களிடமிருந்து வந்தது என்று ஒரு கட்டுரை வந்தது, பத்திரிகைகள் கொண்டாடின. சில நாட்களிலேயே இன்னொரு குழு தன் தரவை வெளியிட்டது, அவற்றில் பெரும்பகுதி மாதிரியோடு கலந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ என்று தெரிந்தது. இவ்வளவு சின்ன உயிரில் வேலை செய்யும்போது அதன் வயிற்றில் இருப்பதும் மேலே ஒட்டியிருப்பதும் சேர்ந்தே வரிசைப்படுத்தலுக்குள் போகும். எங்கள் மாணவர்கள் மொய்னாவில் டிஎன்ஏ எடுப்பதற்கு முன் அதைச் சுத்தமான நீரில் பட்டினி போடுவது இதனால்தான்.

ஈ பிடித்தால் வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வி. ஈயைப் பிடிப்பதற்காக யாரும் சம்பளம் தர மாட்டார்கள். ஆனால் இதில் இரண்டு வருஷம் ஒழுங்காக வேலை செய்த பிள்ளைக்கு மரபணு வரிசையைப் படிக்கத் தெரியும், புள்ளியியல் தெரியும், நுண்ணோக்கி தெரியும், தன் முடிவைத் தானே சந்தேகிக்கத் தெரியும். பெங்களூருவின் ஆய்வு நிறுவனங்கள், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் என ஈயோ புழுவோ வளர்க்கும் ஆய்வகங்கள் நாட்டில் நிறைய. மும்பையில் ஒபைத் சித்திகியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் ஈ எப்படிச் சுவைக்கிறது, எப்படி மோப்பம் பிடிக்கிறது என்று ஆரம்பித்த மரபிலிருந்து வந்தவர்கள் பலர் இன்று ஆய்வகங்களை நடத்துகிறார்கள். அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு இளநிலையிலேயே விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஆய்வகத்தில் இருந்தாலே இது நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

எங்கள் கல்லூரியில் ஒரு வசதியும் இல்லை. கணினியில் மட்டும் செய்ய முடியுமா?

முடியும். ஈக்கு ஃப்ளைபேஸ், புழுவுக்கு வோர்ம்பேஸ் என்று இணையத் தரவுத்தளங்கள் உண்டு, இரண்டிலும் ஒவ்வொரு மரபணுவைப் பற்றியும் யார் என்ன கண்டார்கள் என்பது இலவசமாக இருக்கிறது. ஒரு மனித நோயின் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் இணையை ஈயில் தேடுங்கள், அங்கிருந்து புழுவுக்கும் கொசுவுக்கும் போங்கள், புரத வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எந்த இடம் மாறவே இல்லை என்று பாருங்கள். மாறாத இடத்தில் மனிதரில் மாற்றம் வந்தால் நோய் வருகிறதா என்று தேடுங்கள். கைபேசியில் செய்யாமல் நூலகக் கணினியில் உட்கார்ந்து செய்யுங்கள், திரை பெரிதாக வேண்டும்.

பாட்டிலில் ஈக்கள் எல்லாம் ஒரே நாளில் செத்துவிட்டன. என்ன காரணம்?

உணவின் மேல் தண்ணீர் தேங்கியிருந்தால் மூழ்கியிருக்கும், அடுத்த முறை ஊற்றிய பின் நன்றாக ஆற விடுங்கள். உணவு ஈரமில்லாமல் ஓரத்தில் பிளந்திருந்தால் காய்ந்து செத்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் அறையில் கொசு மருந்து போட்டீர்களா என்று பாருங்கள், கொசுவைக் கொல்வது ஈயையும் கொல்லும். செத்த பாட்டிலை உடனே கழுவிவிடாதீர்கள், உணவுக்குள் புழுக்களும் சுவரில் கூடுகளும் இருந்தால் ஒரு வாரத்தில் புது ஈக்கள் வரும்.